நுங்கின் மூன்று கண்கள்

மைமூன் பிறர் பிழையைக் கண்டால் அந்நொடியே திருத்திவிடும் வழக்கமுடையவள். தொழுகை வரிசையில் அண்டை வீட்டாள் ஒரு விரற்கடை முன்னே நின்றிருந்தாலும், தொழுது முடித்ததும் சொல்லாமல் விடமாட்டாள். "மைமூன் இருக்கையில் நம் தவறுகளை எழுதும் வானத்து மலக்குகளுக்கு வேலையேது?" என்று தெருவே சிரிக்கும்.

அன்று ரமலான் மாதத்துப் பிற்பகல். நோன்பு திறப்பதற்காக வெட்டி வைத்திருந்த நுங்கொன்றை எடுத்து, அவள் கணவர் மீரான் கட்டைவிரலால் தோண்டித் தின்றுகொண்டிருந்தார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்; நோயாளிக்கு விலக்குண்டு என்று எவர் சொல்லியும் கேளாமல் நோன்பு பிடித்தவர். பத்து நாளாகக் கஞ்சியைக்கூட முகஞ்சுளித்தே குடித்தார். இப்போதோ, நுங்கின் நீர் மூக்கில் தெறிக்க, முதற்கண்ணை உறிஞ்சி முடித்து இரண்டாவதில் விரலை விட்டார். நோன்பென்ற நினைவே அவருக்கில்லை.

"மச்சி, காக்கா திங்கிறாக! சொல்லுங்களேன்!" என்று அண்ணனைக் காட்டி மைமூனிடம் பதறினாள் மீரானின் தங்கை ஜொகரா.

மறந்து உண்டவரின் நோன்பு முறியாது என்பதை மைமூன் அறிவாள். நினைவு வந்த கணமே வாயிலிருப்பதையும் துப்பிவிட வேண்டும் என்பதையும் அறிவாள். மெலிந்தவருக்கு நினைவூட்டாதிருக்கலாம் என்று மார்க்க அறிஞர் சிலர் கூறியதுண்டு. அச்சலுகையை அவள் இதுவரை எவருக்கும் அளித்ததில்லை.

"அல்லா ஊட்டுறான். நடுவுல தட்டிப் பறிக்க நாம யாருடி?" என்றாள்.

"நீங்களா மச்சி பேசுறது?" என்று ஜொகரா வாயைப் பிளந்தாள்.

மீரான் மூன்றாம் கண்ணைத் தேடி நுங்கைத் திருப்பினார். அதுவும் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மைமூன் முடிவு செய்தாள்.