ஒரு வயசுக் கனம்

வியாகுலம் எடுத்த கல்லைப் பார்த்ததும் பூங்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், தபசு காலத்து வெள்ளிக்கிழமை. ஊரிலிருந்து இரண்டு நாள் வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள் மலையடி ஓடையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவரவர் நேர்ச்சைக்குத் தக்க கல்லைத் தலையில் வைத்து உச்சியில் சிலுவை நிற்கும் குருசடிக்கு ஏற வேண்டும். பூங்கனி கையில் இருந்தது எலுமிச்சங்காய் அளவு. அவள் ஓரகத்தி, அதாவது புருஷனின் அண்ணன் பெண்டாட்டி வியாகுலம், அம்மிக்குழவி போல ஒன்றைச் சும்மாடு கட்டித் தூக்கி வைத்திருந்தாள்.

"பாத்தியா ஏட்டி, பாவத்துக்குத் தக்க கல்லு" என்று பக்கத்து வீட்டு ராஜமணி காதைக் கடித்தாள்.

"பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல. நாலு பெத்தவளுக்க தெம்ப எனக்குக் காட்டணும். அதுக்குத்தான்."

ஓரகத்திகள் இருவர் வீட்டுக்கும் நடுவில் நின்ற பலாமரத்தில் காய்த்த ஒரு சக்கைக்குத்தான் சண்டை. சக்கையை ஆடு தின்று ஏப்பம் விட்டுவிட்டது. சண்டை மட்டும் இரண்டு வருஷமாக இருக்கிறது. அன்றைக்கு வியாகுலம் ஒரு சொல் சொல்லிவிட்டாள்.

"மூணு பிள்ளையத் தின்னவளுக்குச் சக்கை வேற கேக்குதாக்கும்?"

அதோடு பேச்சு நின்றது.

மூன்றுமே ஐந்தாம் மாதம் தாண்டாமல் போனவை. அடுத்தது தாண்டினால் ஒரு வயசுப் பிள்ளைக் கனத்தில் கல் சுமந்து மலையேறுவேன் என்று கோயிலில் எல்லார் முன்னாலும் முழந்தாளில் நின்று நேர்ந்திருந்தாள் பூங்கனி. இப்போது ஆறாம் மாதம்.

"ஏறணும்னா பைய ஏறு. சுமடு எடுத்தியோ, இதுவும் நிக்காது" என்று பிரசவம் பார்க்கும் வயத்தாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கல்லைத் தூக்கினால் பிள்ளை போகும். தூக்காவிட்டால் நேர்ச்சை தவறும், அதற்கும் பிள்ளைதானே போகும்? பெற்றவளுக்கு இதைவிட என்ன சோதனை வேண்டும். கடைசியில் அந்தச் சின்னக் கல்லோடேயே பூங்கனி ஏறத் தொடங்கினாள்.

மலை செங்குத்து. அருள் நிறைந்த மரியே சொல்லக்கூட மூச்சு போதவில்லை. பத்தடிக்கு ஒருமுறை பூங்கனி நின்றாள். அவள் நின்றபோதெல்லாம் பின்னால் வந்த வியாகுலமும் நின்றாள்.

"முன்ன போனா என்ன இவளுக்கு?" என்று பூங்கனி முணுமுணுத்தாள். "எனக்க கல்லுக்குப் பின்னால அவளுக்க கல்லு வந்தாத்தானே நாலு பேரு சிரிப்பாவ."

"அவ குணம் தெரிஞ்சதுதானே. நீ திரும்பிப் பாக்காம வா" என்றாள் ராஜமணி.

வழுக்குப் பாறைத் திருப்பத்தில் பின்னால் சரசரவென்று சத்தம். பூங்கனி திரும்பினாள். வியாகுலம் ஒரு முழந்தாளில் விழுந்து கிடந்தாள். ரத்தம் வழிந்தது. இரண்டு கையும் தலைக்கல்லை விடவில்லை. அதனால் ஊன்றி எழவும் முடியவில்லை.

பூங்கனிக்குக் கை நீளப் பார்த்தது. என்ன இருந்தாலும் ஒரு வீட்டில் வாழ வந்தவர்கள். ஆனால் அந்தச் சக்கைப் பேச்சு நெஞ்சில் வந்து நின்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். பின்னால் யாரோ தூக்கிவிடுகிற சத்தமும், வியாகுலத்தின் மூச்சிரைப்பு மறுபடி ஏறத் தொடங்கிய சத்தமும் கேட்டது.

உச்சியில், குருசின் அடியில் உபதேசியார் யேசுரத்தினம் நின்றிருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் பேர் கேட்பார். அந்தப் பேரைச் சொல்லி எல்லாரும் சேர்ந்து செபிப்பார்கள்.

பூங்கனி தன் கல்லை வைத்தாள்.

"வயித்துப் பிள்ளைக்கு" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

உபதேசியார் கல்லைப் பார்த்தார்.

"ஒரு வயசுப் பிள்ளைக் கனம்னுல்லா பிள்ளே கோயில்ல வச்சு நேர்ந்தே?"

"வயத்தாட்டி சுமடு எடுக்காண்டாம்னுட்டா." அழுதுவிட்டாள். "கல்லு சின்னதுன்னு ஆண்டவரு கோவிப்பாரா, உபதேசியாரே?"

பாவம், அந்த மனுஷனுக்கும் கண் கலங்கிவிட்டது.

"கரையாதே மக்கா. முடியாதவளுக்க நேர்ச்சைய வீட்டு ஆளு சுமந்தாலும் செல்லும். உனக்க மாப்பிள குமாரதாஸு வரலியா?"

"பீருமேட்டுத் தேயிலைக் காட்டுல நிக்காரு. விடமாட்டேன்னுட்டாவளாம்."

"வேற வீட்டு ஆளு?"

பூங்கனி தலையை ஆட்டினாள். யாரும் இல்லை.

"ராஜமணி, கொஞ்சம் வழி விடு."

வியாகுலத்தின் குரல். நொண்டி நொண்டி வந்து, தலையிலிருந்த கல்லைப் பைய இறக்கி, அந்த எலுமிச்சங்காய்க் கல்லை ஒட்டி வைத்தாள். பூங்கனி பக்கம் பார்க்கவில்லை. உபதேசியாரிடம்தான் பேசினாள்.

"கனம் சரியா இருக்கும். எனக்க கடைசிப் பயல இடுப்புல தூக்கி நிறை பாத்துட்டுத்தான் வந்தேன். அவனுக்கும் ஒரு வயசு."

உபதேசியாருக்கு உடனே விளங்கவில்லை. வழக்கம்போலக் கேட்டார்:

"செபிக்கணுமே, கல்லு யார் பேருக்கு?"

"பேரு இன்னும் வைக்கல உபதேசியாரே. பிள்ளை பொறக்கட்டும், பூங்கனி வைப்பா."