இலோனாவின் செருப்பு பார்த்த அணை

என் இரண்டு கண் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஹங்கேரியிலிருந்து தமிழ் படிக்க வந்த இலோனா, திருவண்ணாமலையில் பீபி ஜான் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். சுற்றிப் பார்த்த ஓர் இடத்தைப் பற்றித் திங்கட்கிழமை வகுப்பில் கட்டுரை எழுதினால்தான் தேர்ச்சி. ஞாயிறன்று சாத்தனூர் அணைக்குப் போவதாக இருந்தாள். சனிக்கிழமை கோயில் வாசலில் விட்ட செருப்பைக் காணோம்.

“பீடை போச்சுனு வுடுங்கம்மா” என்றார் ஆட்டோக்காரர் சகாதேவன்.

அவள் கால் நீளத்துக்கு ஊரில் எந்தக் கடையிலும் செருப்பு இல்லை. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு எங்கே போவது? ஞாயிறு முழுக்க அறையிலேயே அழுதுகொண்டு கிடந்தாள்.

சாயங்காலம் பீபி ஜான் கத்தினார். “இலோனாம்மா, நீ இங்க படுத்துக் கெடக்குற, உன் செருப்பு ஊர் சுத்திட்டு வந்துருக்கு பாரு!”

மாடிப்படியில், ஏழாவது படியில் செருப்பு நின்றது. நனைந்திருந்தது. வறுத்த மீன் வாசனை ஜாஸ்தி. வாருக்கு அடியில் அணைப் பூங்காவின் அன்றைய நுழைவுச்சீட்டு.

மறுநாள் வகுப்பில் அதைக் காலில் மாட்டிக்கொண்டதும் கட்டுரை தானாக வந்தது. நேருக்கு நேர் பார்த்த முதலைக் கண்கள், மீன்காரம்மாவின் மெட்டி, புல்லில் சிந்திய பொரி.

“எல்லாம் பிரமாதம். அணை எவ்ளோ ஒசரம்னு மட்டும் ஏம்மா எழுதல?” என்று கேட்டுக்கொண்டே வினோதினி மிஸ் தொண்ணூற்றெட்டு போட்டார்.

பீபி ஜான் அதே ஏழாவது படியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் சேமியா பாயசம் ஊற்றினார்.

அந்த வீட்டுக்கு மாடியும் படியும் கட்ட ஜல்லி வந்து இறங்கியதே போன வாரம்தான்; இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.