மாமனாரின் பதினான்கு ஆட்சேபணைகள்

அன்று நகராட்சிக் கூட்ட அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால் தலைவி, அவர் அருகே கோப்புகளுடன் எழுத்தர், கார் நிறுத்துமிடம் கட்டத் துடிக்கும் நிறுவனத்தின் வக்கீல், மழைப்பூங்காவை வரைந்த நிலவடிவமைப்பாளர், அவளுடைய கணவன், பிறகு ஆட்சேபிப்பவர்களுக்கு ஒதுக்கிய வரிசையில், வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில், அவளுடைய சொந்த மாமனார்.

கணவன் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பக்கம் வாங்களேன்," என்றாள் அவள்.

"அங்க வந்தா அப்பா முறைப்பார். அப்பா பக்கம் போனா நீ முறைப்பே. எனக்கு இங்கதான் காத்து நல்லா வருது."

பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டல் புல்தரைகளையும் செயற்கை அருவிகளையும் வரைந்து சலித்தவள் அவள். மழை பெய்தால் குளமாகவும் காய்ந்தால் விளையாட்டுத் திடலாகவும் மாறும் இந்தப் பூங்காதான், தண்ணீருக்காகவே அவள் வரைந்த முதல் வேலை. இன்று அனுமதி கிடைக்காவிட்டால் பூங்காவுக்குக் குறித்த பள்ள நிலத்தை மண்ணடித்து மூடிக் கார்களை நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் பூங்காவுக்கு எதிராகத்தான் மாமனார் பதினான்கு ஆட்சேபணைகளை எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒவ்வொன்றும் அலுவலகத்துக்கு ஒன்று, அவளுக்கு நகல் ஒன்று. நகல் பதிவுத் தபாலில் வரும். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது, அனுப்பியவர் பக்கத்திலேயே அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடுதானேம்மா?" என்று தபால்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வீடு ஒண்ணுதான்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

சாப்பாட்டு மேசையில் நேரடியாகவே கேட்டுப் பார்த்தாள். "என்கிட்ட வாயால கேட்டா ஆகாதா மாமா?"

"வாயால கேட்டா வாயாலதான் பதில் சொல்லுவே," என்று சொல்லிவிட்டு அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

இதே நகராட்சியின் வடிகால் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய அகராதியில் தண்ணீர் என்பது குழாய்க்குள் போவது. அவருக்குப் பதில் எழுதுவதற்காக அவள் சரிவை மூன்று முறை மாற்றினாள்; மண்ணை மறுபடி சோதனைக்கு அனுப்பினாள்; இரண்டு பென்சில்களை ஒடித்தாள். மருமகள் முன்னுக்கு வருவது கிழவருக்குப் பொறுக்கவில்லை என்று உறவினர் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

வக்கீல் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"முதல்ல, கொசு. தண்ணி தேங்கினா கொசு வரும்."

எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "ஆட்சேபணை எண் இரண்டு. பதில்: முப்பத்தாறு மணி நேரத்தில் நீர் மண்ணில் இறங்கிவிடும், கொசு முட்டையிட்டுப் பொரித்துப் பறக்க ஒரு வாரமாவது வேண்டும். ஏற்று முடிக்கப்பட்டது."

"கேட்டு முடிஞ்சதை மறுபடி கேட்கக் கூடாதுங்கறது விதி," என்றார் தலைவி. "அடுத்தது சொல்லுங்க."

"குழந்தைங்க விழுந்துடும்."

"எண் ஐந்து. ஆழம் முழங்கால் அளவு. தள்ளுவண்டி இறங்கி ஏறும் சரிவு. முடிக்கப்பட்டது."

"பக்கத்துக் கட்டடத்து அஸ்திவாரம் ஊறிப்போகும்."

"எண் எட்டு. நடுவே களிமண் தடுப்பு. முடிக்கப்பட்டது."

வக்கீலின் குரல் ஏறியது. எழுத்தரின் விரல் வேகம் பிடித்தது. நாற்றம் என்றார், எண் மூன்று வந்தது. கோடையில் பொட்டலாகும் என்றார், எண் பத்து வந்தது. இன்னும் நான்கைந்து அப்படியே வந்து போயின. பாம்பு என்று அவர் வாயெடுப்பதற்குள் எழுத்தர் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டார். கணவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, கைகள் போதாமல், அவளுடைய கையைக் கடன் கேட்டான்.

வக்கீலுக்கு வியர்த்தது. தாளைத் திருப்பினார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சட்டென்று முகம் மலர்ந்தது.

"தவளை," என்றார். "தவளை கத்தும்மா. சுத்துவட்டாரத்துல ஒருத்தரும் தூங்க முடியாது."

அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அந்த ஒரு பதிலை அவள் கோபத்தில் எழுதியிருந்தாள்.

"எண் பதினொன்று," என்றார் எழுத்தர். "பதில்: கத்தும்." பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். வேறொன்றும் இல்லை. "முடிக்கப்பட்டது."

தலைவி வாயைப் பொத்திக்கொண்டார். கணவன் சிரிப்பை அடக்கப் போய் இருமினான். அவளுக்கும் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது, நிறுத்த முடியவில்லை.

வக்கீல் குனிந்து மாமனாரின் காதைக் கடித்தார். "சார், நீங்க நம்ம பக்கம்தானே. புதுசா ஏதாவது ஒண்ணு எடுத்துக் கொடுங்களேன்."

"எனக்குத் தோணினது எல்லாத்தையும் எழுதிட்டேன் தம்பி," என்றார் மாமனார். "ஒண்ணும் மிச்சம் வைக்கலை."

தலைவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அனுமதித் தாளை இழுத்துக் கையெழுத்திட்டார். எழுத்தர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்; மேசை அதிர்ந்தது. அவள் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு, நாற்பது வயதை மறந்து, இரண்டு முறை குதித்தாள்.

வக்கீல் கோட்டை உதறிக்கொண்டு எழுந்தார். "கேட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாதாம். இப்படி ஒரு விதியை எந்தப் புண்ணியவான் எழுதி வச்சானோ."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயாதான் சார்," என்று மாமனாரைக் காட்டினார். "இங்க சீஃப் இன்ஜினியரா இருந்தப்போ எழுதினது."

குதித்தவள் அப்படியே நின்றாள். "மாமா," என்றாள்.

மாமனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, அவளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.