ராட்டினத்தின் அச்சு

விடிந்தால் ஒலக்கூரில் திருவிழா. ராட்டினத்தின் இரும்பு அச்சைத் திண்டிவனம் சோதனைக்கூடத்தில் இறக்கிவிட்டு, 'நல்லா இருக்கு' என்று எழுதி வாங்கக் காத்திருந்தார் முருகையன்.

கடினத்தை எண்ணில் காட்டும் கருவியை அச்சு நெடுக வைத்து வைத்து எடுத்தாள், அங்கே சோதனை செய்யும் சூர்யகலா. எங்கும் இருநூறு. பாரம் தாங்கும் இடத்தில் மட்டும் இருநூற்று நாற்பது.

முருகையன் பூரித்தார். "பத்து வருசமா சுத்தி வைரம் பாஞ்சிக்கினு இருக்கு, பாத்தியாம்மா!"

"மரமா இருந்தா சரிண்ணே. இந்த இரும்பு ஓஞ்சி போனாத்தான் இப்படி இறுகும்."

அங்கே சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தாள். அந்த வெள்ளையில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு தானாக எழுந்து, அச்சைப் பாதி சுற்றி நின்றது. விரிசல்.

முருகையன் மெல்ல அச்சைத் தொட்டார்.

"இவ்ளோ நோவ வெச்சிக்கினுதானா, முந்தாநாள் எம்பொண்ண உச்சி வரைக்கும் தூக்கிக் காட்டுச்சி!"