எரிந்தால் தேறும் சட்டை

திருப்பூர் மல்லீஸ்வரிக்கு ஒரு கணக்கு மட்டும் விளங்கவே இல்லை. பனியன் கம்பெனிகள் கழிக்கும் துண்டுத் துணியில் அவள் குழந்தைச் சட்டை தைத்து விற்கிறாள். ஒவ்வொரு துண்டும் வேறு வேறு துணி; ஒரு துண்டுக்கு ஒரு சட்டைதான் வரும். குழந்தை உடைகளுக்கான புதிய பாதுகாப்புச் சட்டமோ, ஒவ்வொரு துணியிலும் ஒரு சட்டையை எரித்துச் சோதித்த பிறகே மீதியை விற்கலாம் என்கிறது. மீதிக்கு எங்கே போவாள்?

"பாஸாயிருச்சுங்களா?" என்று சோதனைச்சாலைக்குப் போன் செய்தாள்.

"அருமையான சட்டைங்க அம்மிணி. சாம்பல்கூடச் சுத்தம்!"

விற்கச் சட்டையில்லாத கடையை மூடிவிடலாம் என்றிருந்தபோது, கணவன் மயில்சாமி பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏம் புள்ள, இதுக்குச் சட்டை தெச்சாலும் எரிப்பாங்களா?"

"நாய்க்கு எதுக்குங்க டெஸ்ட்டு? சட்டப்படி வாலுக்கு ஓட்டை வெச்சாப் போதும்" என்றவள், சட்டென்று எழுந்து தையல் மெஷினில் உட்கார்ந்தாள்.

மறுநாள் கடையில் 'நாய்க்குட்டிச் சட்டை' என்று பலகை ஏறியது. கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். வால் ஓட்டையை வீட்டில் தைத்து மூடிக்கொள்ள, ஒவ்வொரு சட்டையிலும் நூல் கோத்த ஊசி ஒன்றை இலவசமாகக் குத்திக் கொடுத்தாள்.