யாரும் திறக்காத படங்கள்

பசறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கும் ஸ்டூடியோவில் மழை இருட்டால் மத்தியானமே விளக்கு எரிகிறது. துஷாந்தினி தனியாளாய் நடத்தும் கடை. அடையாள அட்டைக்காகப் பதினோரு வருஷமாய் அவள் எடுத்த தேயிலைத் தோட்டத்து முகங்கள் எல்லாம் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க், டிக் டிக்கென்று முனகுகிறது. ஸ்டூலில் பூவம்மா, மடியில் ஈரக் குடை. மண்சரிவில் லயத்து வீடும் போய், அதற்குள் இருந்த புருஷனும் போய்விட்டார். முப்பதாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். "இந்தப் படம் எல்லாத்தையும் இன்டர்நெட்டுல ஏத்தி வைக்கப் போறேங்க்கா. ஒரு கம்பெனி மாசாமாசம் காசு கேக்குது. இன்னொண்ணு சும்மா குடுக்குது, ஆனா ரெண்டு வருஷம் யாரும் தொறந்து பாக்காட்டி அழிச்சிருமாம்." "நம்ம படத்த செத்தாத்தானே புள்ள தேடுறோம்?" என்கிறாள் பூவம்மா. துஷாந்தினி அவள் புருஷனின் படத்தைத் திறக்கிறாள். திரையில் படம் மேலிருந்து மெதுவாக இறங்குகிறது. எண்ணெய் வைத்துச் சீவிய தலை, திருநீறு, இரண்டு கண்கள். மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மறுபடி திறக்கிறாள், அதேதான். "டிஸ்க்கு கெட்டுப்போச்சுக்கா. போன மாசமே ஏத்தியிருக்கணும். எது நல்லது, எது நல்லதுன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்." தகரக் கூரையில் மழை வலுக்கிறது. பூவம்மா எழுந்து வந்து, திரைக்குக் கிட்டே குனிந்து, வெகுநேரம் பார்க்கிறாள். "வாயத் தொறந்து பேசாத மனுசன்தான். கண்ணு இருக்குல்ல, அதையே அடிச்சுக் குடு. மத்தவங்கள அந்தக் காசு கேக்குறதுலயே ஏத்திரு."