அலமாரிச் சாவி

கத்தரியைப் பிடித்தாலே கை நடுங்கிய தையல்காரர், படபடப்புக்கு டாக்டர் தந்த மாத்திரையால் மறுபடி ஊசியில் நூல் கோத்தார்.

"நல்ல மருந்துதான். ஆனா பழகிட்டா லேசுல விடாது. இனிமே பாதி போதும்," என்றார் டாக்டர்.

அன்றே மாத்திரை அட்டை அலமாரிக்குள் போனது. சாவி மனைவியின் இடுப்பில் ஏறியது.

"இன்னிக்கு மட்டும் முழுசா குடேன்."

"பாதின்னா பாதிதான்."

வீடும் அமைதியானது. பால் பொங்கி வழிந்தால் ஊரைக் கூட்டுகிறவள், இப்போது சிரித்துக்கொண்டே அடுப்பைத் துடைத்தாள். எல்லாம் தன் உடம்பு தேறிய மகிமை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த முறை டாக்டர், "இனி மாத்திரையே வேண்டாம்," என்றார்.

தையல்காரர் துள்ளிக் குதிக்காத குறைதான். மனைவிக்கு முகம் வெளிறிப்போனது.

"பட்டுனு நிறுத்தலாமா டாக்டர்? இன்னும் ஒரு அட்டை எழுதிக் குடுங்களேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "தினமும் இவர் பாதிதானே சாப்பிட்டாரு. மீதிப் பாதியெல்லாம் எங்கம்மா?"

"காசு போட்டு வாங்கினதாச்சே, வீணாக்க மனசு வரல. நானே போட்டுக்கிட்டேன்."

டாக்டர் புதுச் சீட்டை எடுத்தார். "உங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

தையல்காரர் நடுக்கமே இல்லாத கையை மனைவியிடம் நீட்டினார்.

"சாவியை இப்படிக் குடு."